ஆளறிந்து பரிமாறும் இயந்திரம்

தான் சமைத்ததைத் தானே தொடாத சமையல்காரரைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எங்கள் முதலாளி பரணிதரன் மேல் சந்தேகம் வந்ததும் அப்படித்தான். கொங்கு நாட்டுக் கல்யாண மண்டபங்களில் பாதிக்கு மேல் இன்று அவர் செய்த ரோபோக்கள்தான் பந்தி பரிமாறுகின்றன. அந்தப் பந்திகளில் ஒன்றில்கூட அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்தின் பின்பக்கம் கைகட்டி நின்று பார்ப்பார். பிறகு காரில் உட்கார்ந்து வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்.

சந்தேகப்படுவது என் உத்தியோகம். பந்தி ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் சோதனைப் பிரிவுக்கு நான் பொறுப்பு. பெயர் துளசிமணி. ரோபோ எங்கே வழுக்கும், யார் மடியில் ரசத்தைக் கொட்டும், எந்தக் குழந்தையின் விரலை நசுக்கும் என்று கெட்டதாகவே யோசிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டிலும் அப்படியே இருக்கிறேன் என்று என் கணவர் புலம்புவார். அவர் புலம்பலிலும் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்றே நினைத்துக்கொள்வேன்.

பரணிதரனைப் பற்றி நீங்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். கோவையில் பொறியியல், ஜெர்மனியில் மேற்படிப்பு, அங்கேயே ஆஸ்பத்திரி ரோபோக்களுக்குக் கை செய்யும் வேலை. ஊர் திரும்பித் தேங்காய் பறிக்கும் ரோபோ ஒன்று செய்தார். அது ஒழுங்காக மரம் ஏறியது, இறங்கத்தான் தெரியவில்லை. அந்தக் கம்பெனியை மூடிவிட்டுத் தொடங்கியது இது. ஏன் பந்தி பரிமாற ரோபோ என்று கேட்டால் எல்லாப் பேட்டியிலும் ஒரே பதில்தான்: ஆள் கிடைக்கவில்லை என்று மண்டபக்காரர்கள் அழுதார்கள், நான் செய்து கொடுத்தேன். ஒரு பதில் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

ரோபோவை மண்டபத்து ஆட்கள் ‘தம்பி’ என்பார்கள். ஆளுயரம், சக்கரக் கால், இரண்டு கைகள், இடுப்பைச் சுற்றி நான்கு வாளிகள். கேட்பதற்கு முன்னால் வந்து நிற்பதுதான் தம்பியின் பெருமை. இலையில் சாம்பார் வற்றும்போதே கரண்டி தயாராக இருக்கும். “நல்லா கவனிச்சாங்க” என்று விருந்தாளி சொல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் எத்தனை பவுன் போட்டாலும் கல்யாணம் சோபிக்காது. அந்தக் கவனிப்பை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் என்பதுதான் பரணிதரனின் புகழ்.

அடுத்த மாதம் தம்பி பள்ளிக்கூடங்களுக்குப் போக இருந்தது. ஒரு மாவட்டம் முழுக்க மதியச் சாப்பாட்டை அதுதான் பரிமாறப்போகிறது. பிள்ளையின் பசியைப் பார்த்து அளவாகப் போடும், சோறு வீணாகாது என்பது ஒப்பந்தத்தின் சிறப்பு. பிள்ளைகளுக்கு இதனால் எந்தத் தீங்கும் வராது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஒரு பெண் போன் செய்தார்.

“உங்க மிஷின் எங்களுக்குச் சோறு போடாம போச்சுங்க” என்றார். கோபம் இல்லாத குரல்.

“சென்சார் கோளாறா இருக்கும்மா. எந்த மண்டபம்னு சொல்லுங்க, ஆள் அனுப்பறோம்.”

“கோளாறெல்லாம் இல்லைங்க. அத்தனை பெரிய வரிசையில எங்க குடும்பத்து நாலு பேரை மட்டும்தான் தாண்டிப் போச்சு. திரும்பி வந்தப்பவும் தாண்டித்தான் போச்சு. மாப்பிள்ளை வேலை பாக்கற பேங்க்லதான் நானும் இருக்கறேன். அந்த வீட்டு மனுசங்க யாரும் எங்களுக்கு ஒரு குறையும் வெக்கலைங்க. மிஷினுக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.”

“எதைங்க சொல்லிக் குடுத்தது?”

“உங்களுக்குப் புரியலைன்னா பரவால்லைங்க” என்று மண்டபத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கையில் இருந்த டீயைக் குடித்து முடிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. டம்ளரை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

மண்டபம் பெருந்துறைப் பக்கம். உரிமையாளர் நாச்சிமுத்து வாசல் வரை வந்து வரவேற்றார். தம்பியிடம் ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன்.

“குறையா? நல்லாக் கேட்டீங்க போங்க அம்மணி. முன்னெல்லாம் பரிமாற வர்ற பசங்களுக்கு யாரு எவருன்னே தெரியாது. பெரிய மனுசன் இலை காஞ்சு கெடக்கும். உங்க மிஷின் அப்படி இல்லைங்க. ஆளறிஞ்சு போடுது.”

“எப்படிங்க அறியுது?”

“அது உங்க கம்பெனி வெவரம். என்னையக் கேட்டா?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வழி முழுக்க என்னோடு காரில் வந்தது. கோவை வந்து சேர்வதற்குள் நான் முடிவு கட்டிவிட்டேன். ஏதோ ஒரு ரகசிய ஏற்பாடு இருக்கிறது. மண்டபக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், பரணிதரன் விற்றிருக்கிறார். அதனால்தான் அந்தப் பந்தியில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

ரியாஸைப் பிடித்தேன். தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் மென்பொருள்காரன் அவன்தான். கேள்வியைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

“அக்கா, சத்தியமா அப்படி ஒரு செட்டிங்கும் கிடையாது. அதுக்கு ஆளே தெரியாதுக்கா. படத்துல முகத்தை அழிச்சிட்டுத்தான் அதுக்குக் குடுக்கறோம். நிறம் கிடையாது, துணிமணி கிடையாது. மனுசன் அதுக்கு வெறும் கோட்டுப் படம். தோள், முழங்கை, கழுத்து, அவ்வளவுதான். பரணி சார் முதல் நாள்லயே போட்ட கண்டிஷன் அது.”

“அப்புறம் யாருக்கு முதல்ல போடணும்னு எப்படி முடிவு பண்ணுது?”

“மனுசங்க பரிமாறுனதைப் பாத்துத்தான். ஆரம்பத்துல மண்டபம் மண்டபமா கேமரா வெச்சமே, மறந்துட்டீங்களா? பரிமாறுற ஆளு எந்த மாதிரி உக்காந்திருக்கறவங்ககிட்ட ஓடறான், எந்த மாதிரி உக்காந்திருக்கறவங்களை அப்புறம் பாத்துக்கலாம்னு விடறான். அதைத்தான் அது கத்துக்குச்சு.” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். பிறகு மெல்ல, “காலங்காலமா காத்துக் கெடந்தவங்க உக்காரற விதமே வேறயா இருக்குமோ, அக்கா?” என்றான்.

மறுநாள் மதியம் எங்கள் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஒரு பந்தி போட்டேன். காவலாளி ஆறுச்சாமி அண்ணன், கூட்டிப் பெருக்கும் பாப்பாத்தியக்கா, பொறியாளர்கள், கணக்குப் பிரிவு என்று எல்லோரையும் கலந்து உட்கார வைத்தேன். வாடிக்கையான சோதனை என்றுதான் சொன்னேன். தம்பி என் இலைக்கு ஓடி ஓடி வந்தது. இத்தனை வருடமாகச் சோதித்தும் நான் எதையும் கண்டுபிடிக்காததன் காரணம் அப்போது விளங்கியது. ஆறுச்சாமி அண்ணனையும் பாப்பாத்தியக்காவையும் அது தாண்டிப் போனது. இடம் மாற்றி உட்கார வைத்தேன். அண்ணனுக்குக் கோட்டு மாட்டிவிட்டேன். எதுவும் பயன்படவில்லை. அவர்களோடு சேர்த்து இன்னொருவனையும் அது தாண்டிப் போனது. நிர்மல். எம்.டெக். படித்தவன், தம்பியின் விரல்களை வடிவமைத்தவன். அவன் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

கை கழுவும் இடத்தில் நிர்மல் என்னிடம் வந்தான். “அக்கா, நீங்க மிஷினைச் சோதிச்சீங்களா, எங்களைச் சோதிச்சீங்களா?” என்றான். அதன் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

வெளியூர் போயிருந்த பரணிதரன் திரும்பியதும் அவர் அறைக்குப் போனேன். சுற்றி வளைக்கவில்லை.

“சார், தம்பி ஆள் பாத்துப் போடுது. உங்களுக்கு முன்னமே தெரியும்னு நினைக்கறேன்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க?”

“நீங்க ஒரு நாளும் அது கையால சாப்பிட்டதில்லை.”

“பசிக்கும்போது சாப்பிடறேன்.”

“இப்ப சாப்பிடுங்க. கீழே இலை போட்டிருக்கேன்.”

முதலாளியிடம் அப்படிப் பேசும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நிர்மலின் முகம்தான் காரணமாக இருக்க வேண்டும். பரணிதரன் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கீழே வந்தார்.

கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் ஓர் இலை முன்பும், இரண்டு இடம் தள்ளி நான் ஓர் இலை முன்பும் உட்கார்ந்தோம். தம்பி நேராக அவரிடம் போனது. சோறு, பருப்பு, நெய். பொரியல் குறைவதற்குள் பொரியல். ராஜ உபசாரம்.

“பாத்துட்டீங்களா? போதுமா?” என்றார்.

போதவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் சால்டரிங் மேசையில் குனிந்து உட்காருவதை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். மீட்டிங்கில் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. தோளை அகட்டி, ஒரு முழங்கையை மேசை மேல் ஊன்றி, தலையை நிமிர்த்தி, நாடகத்தில் ஜமீன்தார் வேஷம் கட்டியவர் மாதிரி இருந்தார்.

“சார், இப்ப சாதாரணமா உக்காருங்க” என்றேன்.

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. நான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழவில்லை. முழங்கையை மேசையிலிருந்து எடுத்தார். தோள் மெல்ல இறங்கியது. கை இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டன. அவ்வளவுதான். அதே ஆள், அதே சட்டை. தம்பி சாம்பார் வாளியோடு வந்து, அவரைத் தாண்டி, என் இலைக்குச் சாம்பார் ஊற்றியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் இவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“எப்ப இருந்து தெரியும் சார்?”

“முதல் நாள்லருந்து. ஷெட்ல முதல் தடவையா ஓட்டிப் பாத்தப்ப மூணு பேர் உக்காந்தோம். நான், ரியாஸ், பணம் போட வந்தவர். அவங்க ரெண்டு பேருக்கும் போட்டுட்டு என்னை விட்டுட்டுப் போச்சு. ஏதோ வயர் லூசுன்னு சொல்லிச் சமாளிச்சேன். நானும் அப்படித்தான் நம்புனேன். எத்தனையோ நாள் கழட்டிக் கழட்டி மாட்டினேன். அப்புறம்தான் மிஷின்ல தப்பே இல்லைன்னு புரிஞ்சது.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு? ரெண்டு பேருக்குப் போட்டது உனக்கு மட்டும் ஏன் போடலைன்னு கேப்பாங்கல்ல. அதுக்கு நான் எங்க பொறந்தேன்னு சொல்லணும். ஜெர்மனியில யாரும் கேக்கலை. இங்க வந்து கம்பெனி ஆரம்பிச்சப்ப, கேக்கறதுக்குள்ள வேற பேச்சுக்கு மாறப் பழகிட்டேன். எங்கூட டீ குடிக்கறவங்க, எனக்குப் பணம் போட்டவங்க, ஒருத்தருக்கும் தெரியாது. கண்ணாடி முன்னால உக்காந்து தோளை நிமித்திப் பழகினேன் துளசிமணி. நான் செஞ்ச பொருளை ஏமாத்தறதுக்கு.”

“ஏன் சார் பந்தி பரிமாறத்தான் செய்யணும்னு…”

“சின்ன வயசுல கல்யாணத்துக்குப் போனா எங்களைக் கடைசியா உக்கார வெப்பாங்க. மிஷினுக்குக் கண்ணு இருக்காதுன்னு நினைச்சேன். முகத்தை அழிச்சேன், நிறத்தை அழிச்சேன். உடம்பு சொல்லிருச்சு.” சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “எல்லா இலைக்கும் வரிசையா போடற மாதிரி ஒண்ணு செஞ்சு மூணு மண்டபத்துக்குக் குடுத்துப் பாத்தேன். கவனிப்பே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க” என்றார்.

பள்ளிக்கூடங்களுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். “போடாதீங்க. ஆனா மோட்டார் சூடாகுதுன்னு காரணம் எழுதுங்க.”

“மோட்டாரை மாத்திட்டு வாங்கன்னு சொல்லுவாங்க சார். அப்புறம் இதே தம்பிதான் அந்தப் புள்ளைங்க முன்னால போய் நிக்கும். கேக்கத் தெரியாத புள்ளைக்கு அரை வயித்துச் சோறுதான். அது பசியில்லைன்னு மிஷின் நினைச்சுக்கும். எல்லாரும் அப்படியே நினைச்சுக்குவாங்க.”

அவர் இலையை மூடாமல் எழுந்து போனார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போதும் நான் அவரை முழுக்க நம்பவில்லை. ஓர் ஆயுள் முழுக்கக் கட்டிக் காத்ததை யார்தான் அவ்வளவு சுலபமாக விடுவார்கள்?

பள்ளித் திட்டத்தின் அலுவலர் வத்சலகுமாரி மேடம் பார்வையிட வந்தபோது இரண்டு பத்திரிகைக்காரர்களும் எங்கள் கம்பெனியில் பணம் போட்ட ஐயாவும் கூட வந்திருந்தார்கள். நான் ஆறுச்சாமி அண்ணனிடமும் பாப்பாத்தியக்காவிடமும் இந்த முறை எல்லாவற்றையும் சொல்லி, சம்மதம் கேட்டு உட்கார வைத்திருந்தேன். தம்பி அவர்களைத் தாண்டிப் போனது. எதிர் வரிசையில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த மேடம் அதைப் பார்த்தார்.

“இதுல என்னம்மா இருக்கு? அவங்க கையைக் காட்டிக் கேட்டு வாங்கியிருக்கலாமே. கூச்சப்படறாங்க” என்றார். பணம் போட்ட ஐயா உடனே ஆமாம் போட்டார். அதற்குப் பதில் என் வாயிலிருந்து வர வேண்டியது இல்லை.

சுவரோரம் நின்றிருந்த பரணிதரன் நடந்து வந்தார். ஆறுச்சாமி அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோளைத் தொங்கவிட்டார். தம்பி வந்தது, அவரைத் தாண்டியது, மேடத்துக்கு அப்பளம் வைத்தது.

“முதலாளியவே மறந்துட்டானே” என்று மேடம் சிரித்தார்.

“மறக்கலைங்க மேடம். சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கான்” என்றார் பரணிதரன். பிறகு தன் ஊரைச் சொன்னார். ஊருக்குள் எந்தப் பக்கம் என்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் அது போதும், வேறு விளக்கம் தேவையில்லை. சிறுவனாக இருந்தபோது எந்தப் பந்தியில் உட்கார்ந்தார், அங்கே வருவதற்குள் என்னென்ன தீர்ந்துபோயிருக்கும் என்றும் சொன்னார். மேடத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. பணம் போட்ட ஐயா தன் செல்போனை எடுத்து வெகு நேரம் எதையோ தேடினார்.

பள்ளித் திட்டம் நின்றது. மண்டபங்களில் இருக்கும் தம்பிகளையெல்லாம் திரும்ப வாங்கி, இலை வரிசை தவறாமல் பரிமாறும்படி இலவசமாகத் திருத்தித் தருவதாக நாங்கள் அறிவித்தோம். பத்திரிகைகள் பரணிதரனைப் பாராட்டி எழுதின. அதே வாரத்தில், வழக்கமாக அவரோடு காபி குடிக்க வரும் தொழிலதிபர் நண்பர்கள் யாரும் வரவில்லை. வந்த ஒருவரும் நின்றபடியே பேசிவிட்டுப் போனார். பரணிதரன், திருத்துவதற்காக ரோபோக்கள் வந்து சேரும் என்று பட்டறையைக் கூட்டி வைத்துக் காத்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை.

போன்தான் வந்தது. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பரணிதரன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“பந்தி ரோபாட்டிக்ஸுங்களா? ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல இருந்து பேசறேனுங்க. தாளாளர்” என்றது மிகவும் மரியாதையான ஒரு குரல். “பேப்பர்ல பாத்தோம். எங்க ஸ்கூலுக்கு நாலு மிஷின் வேணுமுங்க.”

“வரிசையாப் பரிமாறுற புது மாடல் இன்னும் தயாராகலைங்க சார்.”

“புதுசு வேண்டாம்மா. திருத்தறதுக்கு முன்னாடி செஞ்சது இருக்குதுங்களா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்பெல்லாம் அரசாங்கச் சட்டத்துல எல்லாத் தரப்புப் புள்ளைங்களையும் சேத்துக்க வேண்டியிருக்குது. ஏன் எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சுச் சோறு போடறீங்கன்னு பெத்தவங்க எங்களைக் கேக்கறாங்க. நாங்களாப் பிரிச்சா பிரச்சனை ஆயிருமுங்க. மிஷின் போட்டா யாரையும் குத்தம் சொல்ல முடியாதுல்ல.”

போனை வைத்துவிடலாம் என்று கை போனபோது பரணிதரன் தடுத்தார். ஒரு தாளை இழுத்து எழுதி என் பக்கம் திருப்பினார். ‘இருக்குன்னு சொல்லுங்க. விலாசம் வாங்குங்க.’

பழைய சந்தேகம் ஒரு நொடியில் எழுந்து வந்தது. நண்பர்கள் போய்விட்டார்கள், பணம் போட்டவர் போகப்போகிறார், கம்பெனி மூழ்கிக்கொண்டிருக்கிறது. மனசு விட்டுப்போன மனுஷன் என்ன வேண்டுமானாலும் செய்வான். ஆனாலும் இருக்கிறது என்று சொன்னேன். விலாசத்தை எழுதிக்கொண்டு போனை வைத்தேன்.

“எதுக்கு சார்?”

“ஒண்ணை வண்டியில ஏத்தச் சொல்லுங்க. விக்கறதுக்கு இல்ல, ஒரு வேளை ஓட்டிக் காட்டிட்டு நானே திருப்பிக் கொண்டுவந்துருவேன். அந்தப் புள்ளைங்களோட நானும் உக்காரப்போறேன். வேஷம் கட்டாம.”

“உங்களைத் தாண்டிப் போயிரும் சார்.”

“போகும். அப்ப அத்தனை புள்ளைங்க முன்னாலயும் நான் கையைத் தூக்கி, எனக்குப் போடலைன்னு கேக்கணும். நிமிந்து உக்காரப் பழகிட்டேன் துளசிமணி. இதை இன்னும் ஒரு தடவைகூடச் செஞ்சதில்ல.”